எலுமிச்சையை எடுப்பதற்கு முன்

பூஜை அலமாரிக்குக் கீழே பளிங்குத் தரை. நல்லெண்ணெய் சிந்திச் சிந்திக் கறுத்துவிட்டது. எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். எண்ணெயும் போகவில்லை, சுற்றிலும் மங்கிவிட்டது. - ஈசூன் வாசகி

இப்போது உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு தொல்லை. எண்ணெய் கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. மங்கல் கறையே அல்ல. கல் அரிபட்ட தடம். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். எலுமிச்சை, புளி, வினிகர் எது பட்டாலும் மேற்பரப்பு கரையும். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகிய கை நம்முடையது, தரைக்கும் அதையே தேடுகிறது. நானும் தப்பவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டு டெராசோ தரையை (சிமெண்டில் கல் சில்லுகள் பதித்தது) வினிகர் தண்ணீரால் துடைத்து மங்கடித்தேன். அதிலும் பளிங்குச் சில்லுகள்தானே. அந்த வீட்டு அம்மா திட்டவில்லை, காப்பி கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மங்கலுக்குப் பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். எண்ணெயை நீங்களே எடுக்கலாம். பேக்கிங் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, கறை மேல் அரை விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்து, மாவு தானாகக் காயட்டும். காயும்போதுதான் எண்ணெய் மேலே ஏறி வரும். பழைய கறைக்கு இரண்டு மூன்று தடவை ஆகலாம். அப்படியும் அசையாவிட்டால் தண்ணீருக்குப் பதில் அசிட்டோனில் குழையுங்கள். அது சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்த பிறகே பாட்டிலைத் தொடுங்கள். அப்புறம், விளக்குக்குக் கீழே ஒரு தாம்பாளம் வையுங்கள்.

மஞ்சள் தண்ணீர் கொட்டியது. சோப்புப் போட்டுத் துடைத்ததும் சிவப்பாகிவிட்டது! டைல் பளிச்சென்று இருக்கிறது, இடையிலுள்ள கோடுகளில் மட்டும் நிற்கிறது. - தெம்பனிஸ் வாசகர்

பயப்படாதீர்கள். குங்குமம் செய்வதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், சோப்பின் காரம் பட்டாலும் அதே கதை. டைல் உறிஞ்சாது, நடுவிலுள்ள கிரவுட், அதாவது இடைவெளியை அடைக்கும் பூச்சு, உறிஞ்சும். மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துக் கோட்டின் மேல் அரை மணி நேரம் வைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். கிரவுட் அடர்நிறம் என்றால் முதலில் ஒரு மூலையில் பாருங்கள், வெளுக்கக்கூடும். மேற்கு வெயில் கூடத்தில் விழும் வீடு என்றால் இன்னும் சுலபம். மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, பார்க்கே என்னும் மரக்கட்டைத் தரை. இரும்பு ஸ்டாண்டில் வைத்திருந்த மணி பிளான்டுக்குக் கீழே கறுப்பு வளையம். - அங் மோ கியோ வாசகி

வளையம் வெள்ளையாக இருந்தால் ஈரம் வார்னிஷுக்குள் மட்டும் சிக்கியிருக்கிறது; முடி உலர்த்தியை மெல்லிய சூட்டில் தூரமாகக் காட்டினால் பெரும்பாலும் மறையும். உங்களுடையது கறுப்பு. தண்ணீர் மரத்துக்கே இறங்கி, இரும்பும் மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து மை போலாகிவிட்டது. வார்னிஷைச் சுரண்டி, ஆக்ஸாலிக் அமிலத்தால் வெளுத்து, மறுபடி பூச வேண்டும். நச்சு அமிலம் அது. பார்க்கே வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

குளியலறைத் தரைக்கு பிளீச்சும் வினிகரும் கலந்தால் இரட்டிப்பு பலனாமே? - ஜூரோங் வாசகர்

குளோரின் வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் மூச்சுத் திணறும். ஒருபோதும் வேண்டாம்.

வினைல் தரையில் ரப்பர் அடிப்பாய் கிடந்த இடம் முழுதும் மஞ்சள். என்ன போட்டால் போகும்? - பொங்கோல் வாசகி

எதுவும் போட வேண்டாம். ரப்பரில் சேர்க்கும் ரசாயனம் வினைலுக்குள் ஊறி நிறத்தை மாற்றியிருக்கிறது, மேலே துடைக்க ஒன்றும் இல்லை. அசிட்டோன் ஊற்றினால் தரையும் போய்விடும். அந்தப் பலகையை மாற்ற மனமிருந்தால் மாற்றலாம். இல்லை என்றால் அதே அளவில், ரப்பர் இல்லாத துணிப்பாய் ஒன்று வாங்கி அதே இடத்தில் விரித்துவிடுங்கள்.