சீதபேதியின் தாக்கம்

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே இரண்டு முறை ஆப்பிரிக்காவுக்கு சஃபாரி போனார் என்று படித்தேன். அந்தப் பயணங்கள் அவருடைய எழுத்தில் ஏற்படுத்திய தாக்கம் என்ன?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: தாக்கம்! இந்தச் சொல்லை இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்பாதீர்கள் என்று எத்தனை தடவைதான் கெஞ்சுவது? வெயிலின் தாக்கம், புயலின் தாக்கம், சரி, அவை நிஜமாகவே தாக்குகின்றன. ஒரு எழுத்தாளரை இன்னொருவர் படித்துவிட்டாலே 'தாக்கம்: ஓர் ஆய்வு' என்று முனைவர் பட்டம் வாங்கிவிடுகிறார்கள், ஏதோ பஸ் ஸ்டாண்டில் வழிமறித்து அடித்த மாதிரி. பல வருடங்களுக்கு முன் இதை இங்கே எழுதப்போய், ஒரு பேராசிரியர் ஒன்பது பக்கத்துக்குக் கடிதம் போட்டார். அதில் அந்தச் சொல் 31 இடத்தில் வந்தது. எண்ணினேன், அன்றைக்கு மின்சாரம் இல்லை. நான் பதில் போடவில்லை என்று இன்னும் கூட்டங்களில் குறைப்பட்டுக்கொள்கிறாராம். ஐயா, இதுதான் பதில்.

ஆனால் திருநெல்வேலிக்காரரை மன்னித்துவிடுகிறேன். ஹெமிங்வேயை ஆப்பிரிக்கா உண்மையிலேயே தாக்கியது. முதல் தடவை வயிற்றில், இரண்டாம் தடவை தலையில்.

முதல் சஃபாரி 1933 கடைசியில் கிளம்பியது. செலவுக்கு 25,000 டாலர் கொடுத்தவர் மனைவி பாலினின் சித்தப்பா கஸ் ஃபைஃபர். அமெரிக்காவில் ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். (மாமனார் வீட்டுச் செலவில் எனக்கும் ஒரு சஃபாரி வாய்த்தது. கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்த பழுப்பு சஃபாரி சூட். அதைப் போட்டுக்கொண்டு நான் போன ஒரே காடு வண்டலூர். சிறுகதை எதுவும் வரவில்லை, வியர்க்குரு வந்தது.) அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டோடு வேட்டைக்குப் போன பிலிப் பெர்சிவல்தான் இவருக்கும் வழிகாட்டி. அமெரிக்காவில் ஹெமிங்வே குடியிருந்த கீ வெஸ்டிலிருந்து சார்லஸ் தாம்ப்சன் என்ற நண்பரும் கூட வந்தார். சில வாரங்களிலேயே ஹெமிங்வேயை அமீபா சீதபேதி பிடித்துக்கொண்டது. துப்பாக்கியைத் தூக்க வந்தவரைத் தூக்கிப் போக ஒரு சின்ன விமானம் வந்தது. வைத்தியத்துக்கு நைரோபி போகிற வழியில் அதன் ஜன்னலில் கிளிமஞ்சாரோ மலை தெரிந்தது.

உடம்பு தேறி, மறுபடி வேட்டையாடி, ஊர் திரும்பி 1935இல் 'ஆப்பிரிக்காவின் பச்சைக் குன்றுகள்' வெளியிட்டார். முழுக்க முழுக்க உண்மையை எழுதினால் அது கற்பனைப் படைப்போடு போட்டி போட முடியுமா என்று பார்க்கப்போவதாக முன்னுரையிலேயே சவால். என் கணக்கில் தோற்றுவிட்டார். மான் எந்தப் பக்கம் ஓடியது, குண்டு எங்கே பட்டது என்று பக்கம் பக்கமாக வருகிறது. அந்தப் புத்தகத்திலிருந்து எல்லாரும் எடுத்துச் சொல்வதோ, நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னிலிருந்து வந்தது என்ற ஒரு வரியை. வேட்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நம் டீக்கடை பெஞ்சிலேயே சொல்லியிருக்கலாம். இருந்தாலும் அதில் ஒரு இடம் எனக்குப் பிடிக்கும். கதைசொல்லி அலையாய் அலைந்து இரண்டு நல்ல குடு மான்களைச் சுட்டு, ராஜா மாதிரி கூடாரத்துக்குத் திரும்பினால், நண்பன் அதைவிடப் பெரிய கொம்புள்ளதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். நண்பனுக்குப் புத்தகத்தில் கார்ல் என்று பெயர், நிஜத்தில் தாம்ப்சன். பொறாமையை அத்தனை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் எழுத்தாளரை நான் நம் ஊர்ப் புத்தக வெளியீடுகளில் பார்த்ததே இல்லை.

அந்தப் புத்தகத்தைத் தோற்கடித்தவை அதே பயணத்திலிருந்து வந்த இரண்டு கதைகள், இரண்டும் 1936. 'கிளிமஞ்சாரோவின் பனி'யில் ஒரு எழுத்தாளன் முள் கீறிய காலை அலட்சியமாக விட்டு, அழுகிப்போய், கட்டிலில் கிடந்து விமானத்துக்குக் காத்திருக்கிறான். பணக்கார மனைவியின் காசில் வாழ்ந்து திறமையைத் தொலைத்தோமே என்று அவள் மீதே எரிந்து விழுகிறான். விமானம் வருகிறது, ஆனால் சாகிறவனின் நினைவில் மட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மலையைப் பார்த்துத் திரும்புகிறது. சித்தப்பா கொடுத்த 25,000 டாலர், சீதபேதி, ஜன்னலில் தெரிந்த மலை எல்லாம் அங்கே இருக்கின்றன, யானைத் தந்தமும் சிங்கத் தோலும்தான் இல்லை. 'மக்கோம்பர்' கதையில் சிங்கம் உண்டு, ஆனால் நாயகன் அதைக் கொல்லவில்லை, சுட்டுக் காயப்படுத்திவிட்டு, அது பாய்ந்து வந்ததும் ஓடுகிறான். ஓடிய வெட்கத்திலிருந்துதான் கதையே புறப்படுகிறது. சுட்டதையெல்லாம் கட்டுரையாக்கினார், பட்டதைக் கதையாக்கினார். (முதல் கதை பத்திரிகையில் வந்தபோது சக நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டைப் பெயர் சொல்லி 'பாவம்' என்று இடித்திருந்தார். அவர் வருத்தப்பட்டு எழுதியபின் புத்தகத்தில் அது ஜூலியன் ஆனது. கடிதத்துக்கு மதிப்புக் கொடுத்த மனிதர், பேராசிரியர் கவனிக்கவும்.)

இரண்டாவது சஃபாரி 1953இல், நான்காவது மனைவி மேரியோடு, 'லுக்' பத்திரிகைக்காக. இதைப் பற்றி 800 பக்கத்துக்கு மேல் எழுதியும் முடிக்க முடியவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, 1999இல் மகன் பாட்ரிக் பாதியாக வெட்டி வெளியிட்டார். நான் படித்தேன். இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்.

1954 ஜனவரியில் உகாண்டாவில், முர்ச்சிசன் அருவிப் பக்கம், அவர் போன விமானம் தந்திக் கம்பியில் இடித்து விழுந்தது. அடுத்த நாள் அவரைக் கூட்டிப் போக வந்த விமானம் தீப்பிடித்தது. திறக்காத கதவைத் தலையால் முட்டி வெளியே வந்தார். அந்த வருடக் கடைசியில் நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோம் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஆனால் விபத்து நடந்த அந்த ஜனவரியிலேயே உலகப் பத்திரிகைகள் அவர் செத்துப்போனதாக அச்சடித்துவிட்டிருந்தன. தன் இரங்கல் குறிப்புகளை அவரே உட்கார்ந்து ரசித்துப் படித்தாராம்.

நாங்களும் ஒரு தடவை இப்படி மாட்டிக்கொண்டோம். உயிரோடிருந்த ஒரு கவிஞருக்கு அரைப் பக்க இரங்கல். மறுநாள் காலை அவரே போன் செய்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் பரவாயில்லை தம்பி, என் இரண்டாவது தொகுப்பு வந்த வருடம் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள், அடுத்த இதழில் திருத்தம் வர வேண்டும் என்றார். போட்டோம்.