சி டிரைவில் இடமே இல்லை: கேள்வி பதில்

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று கேட்டிருந்த எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். அநேகமாக எல்லாமே விண்டோஸ் 10, 11 பற்றியவை. மேக் பற்றி ஒன்று வந்திருக்கிறது.

கேள்வி: அண்ணா, சி டிரைவ் எப்போதும் சிவப்பாகவே இருக்கிறது. டெம்ப் ஃபைல்களை எல்லாம் அழித்தும் ரெண்டு ஜிபிகூட மிஞ்சவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அழிப்பதை நிறுத்துங்கள். முதலில் இடத்தை எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால் ஓரளவு தெரியும். இன்னும் தெளிவாகப் பார்க்க விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட் (WinDirStat) மாதிரி ஒரு மென்பொருளைப் போட்டு ஓட்டுங்கள். எந்த ஃபோல்டர் எத்தனை ஜிபி என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டிவிடும்.

என் அக்காவின் லேப்டாப்பில் இருந்தது 256 ஜிபி டிரைவ். மூன்று ஜிபிதான் காலி. அவர் இரண்டு இரவு உட்கார்ந்து குழந்தைகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மனசே இல்லாமல் அழித்துக்கொண்டிருந்தார். அப்படி அழித்ததெல்லாம் சேர்த்து நான்கு ஜிபிதான். நான் போய் அளந்து பார்த்தால், ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரின் அடியில் ஒரே இடத்தில் 71 ஜிபி! எப்போதோ கைமாறிப்போன பழைய போனின் பேக்கப். அதிலிருந்த எல்லாம் புதிய போனில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, பேக்கப் எடுத்த மென்பொருளுக்குள் போய் நீக்கினோம். ஐந்து நிமிட வேலை. ரீசைக்கிள் பின் இன்னும் காலியாகாமல் இருந்ததால் படங்களும் திரும்பக் கிடைத்தன. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: 1 டிபி டிஸ்க் வாங்கினேன். 931 ஜிபி என்று காட்டுகிறது. மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள்?

யாரும் எடுக்கவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024-ஆல் மூன்று முறை வகுக்கிறது. அளவுகோல்தான் வேறு, டிஸ்க் முழுதாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ஹைபர்ஃபில் என்ற ஃபைல் ஆறு ஜிபிக்கு மேல் இருக்கிறது. அழிக்கலாமா?

நேரடியாக அழிக்க முடியாது. ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையை அப்படியே வைத்துக் கணினியை அணைக்கும்போது, ரேமில் இருப்பதை விண்டோஸ் அதில்தான் எழுதி வைக்கிறது. விண்டோஸ் 10-இல் வழக்கமாக ரேமில் 40 சதவீதம் அளவுக்கு இருக்கும். உங்களுடையது 16 ஜிபி ரேம் என்றால் கணக்கு சரிதான். ஹைபர்னேட்டையே நிறுத்தினால் அந்த ஃபைல் போய்விடும், கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற, கணினி வேகமாக எழ உதவும் வசதியும் போகும். மேசைக் கணினி என்றால் தயங்காமல் நிறுத்தலாம். லேப்டாப் என்றால், வேலையைத் திறந்தபடியே விட்டு மூடும் பழக்கம் உண்டா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள். பக்கத்திலேயே பேஜ்ஃபைல் என்று ஒன்று தெரியும். அதை விட்டுவிடுங்கள். ரேம் போதாதபோது கம்ப்யூட்டர் அதைத்தான் நம்பியிருக்கிறது.

கேள்வி: வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பல ஜிபி காட்டுகிறதே?

அது விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் இடம். அதில் கை வைக்கவே வேண்டாம், தயவுசெய்து. அங்கே இருக்கிற பல ஃபைல்கள் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்கிற அதே ஃபைல்கள்தான். ஒரே ஃபைலுக்கு இரண்டு இடத்தில் பெயர் இருப்பதால் எக்ஸ்ப்ளோரர் இருமுறை கூட்டி அதிகமாகக் காட்டுகிறது. கையால் அழித்தால் விண்டோஸே எழாமல் போகலாம். டிஸ்க் கிளீனப்பைத் திறந்து 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்துங்கள், விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்ற வரியை டிக் செய்யுங்கள். பழைய அப்டேட்டுகளில் தேவையற்றதை மட்டும் அதுவே பார்த்து எடுக்கும்.

கேள்வி: விண்டோஸ்.ஓல்ட்?

பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழைய விண்டோஸுக்குத் திரும்ப வேண்டியிருந்தால் உதவும் என்று வைத்திருப்பது. பொதுவாகப் பத்து நாளில் தானே போய்விடும். புதியது ஒழுங்காக ஓடுகிறது என்றால், ஸ்டோரேஜில் டெம்பரரி ஃபைல்ஸ் பக்கம் போய் இப்போதே நீக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும், கவனம்! பெயரைப் பார்த்து அதுவும் குப்பை என்று டிக் செய்தவர்கள் சான்றிதழ், ரசீது எல்லாவற்றையும் இழந்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒன்டிரைவில்தான் எல்லாம் இருக்கிறதே என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன் சார். போனிலும் காணோம்.

பதறாதீர்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரில் அழித்தால் இணையத்திலும் அழியும், இரண்டும் ஒன்றுதான். உடனே பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து அங்கிருக்கும் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வரை அங்கே கிடக்கும். இனிமேல் இடம் வேண்டுமென்றால் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். பச்சை டிக் போய் மேகப் படம் வரும். ஃபைல் இணையத்தில் பத்திரமாக இருக்கும், டிஸ்கில் இடம் பிடிக்காது.

கேள்வி: டி டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸை வெட்டி அங்கே ஒட்டிவிடலாமா?

வேண்டாம், பல புரோகிராம்கள் சரியாகத் திறக்காது. நகர்த்த வேண்டியது உங்கள் சொந்த ஃபைல்களை. டாக்குமென்ட்ஸ், வீடியோஸ் போன்ற ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று போய் டி-யில் ஒரு ஃபோல்டரைக் காட்டினால், இருப்பதும் இனி வருவதும் அங்கே போகும். மென்பொருள் என்றால் நீக்கிவிட்டு டி-யில் மறுபடி நிறுவுவதுதான் பத்திரமான வழி.

கேள்வி: படங்களையும் வீடியோக்களையும் ஜிப் செய்தால் இடம் மிச்சமாகுமா?

ஆகாது. ஜேபெக், எம்பி4 எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

கேள்வி: மேக்கில் 40 ஜிபி வீடியோவை அழித்து டிராஷையும் காலி செய்தேன். காலி இடம் கூடவே இல்லை.

மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் வைத்திருக்கிறீர்களா? டிஸ்க் அந்த நேரத்தில் இருந்த நிலையை அது டிஸ்கிலேயே எடுத்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டில் அந்த வீடியோ இன்னும் இருக்கும். 24 மணி நேரம் வரை வைத்திருந்துவிட்டு விட்டுவிடும். அவசரமாக இடம் தேவைப்பட்டால் மேக் தானாகவே முன்கூட்டி விடுவிக்கும். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டியில் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். ரெகவரி மென்பொருள் போட்டால் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது என்பதுதான் உண்மை. பழைய ஹார்ட் டிஸ்கில், மேலே வேறு ஏதாவது எழுதப்படும்வரை அழித்தது அப்படியே கிடக்கும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற கட்டளை, இந்த இடம் இனித் தேவையில்லை என்று டிரைவுக்கே சொல்லிவிடுகிறது, டிரைவும் அதைத் துடைத்துவிடுகிறது. அதனால் ரெகவரிக்குச் செலவு செய்யும் முன் போன், மெயில், பழைய பென் டிரைவ், யாருக்காவது அனுப்பிய சாட் என்று பிரதி இருக்கக்கூடிய இடங்களை எல்லாம் தேடுங்கள். எந்த ஃபைல்கள் போயின என்று எழுதினால், அவற்றை உருவாக்கிய மென்பொருள் தானாக எங்கே பிரதி வைத்திருக்கும் என்று சொல்ல முயல்கிறேன்.