அட்டையில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள், அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

மகளை எந்தப் பொறியியல் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க, கடையை விட்டுவிட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து அவளோடு வந்திருந்தீர்கள். அன்று சரியாகப் பேச நேரமில்லை. "வண்டியும் வண்டியும் பேசிக்கிடுமாமே, இதைப் படிச்சா சோறு போடுமா?" என்று கேட்டீர்கள். போடும். ஆனால் நம்ம ஊரில் அல்ல. சென்னை, கோவை, பெங்களூரு என்று போக வேண்டியிருக்கும். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நாகர்கோவில் போகும்போது நாங்குநேரி டோல்கேட்டில் கவனித்திருப்பீர்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகுக்கு பேட்டரியே கிடையாது. டோல்கேட்டில் இருக்கும் ரீடர் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலேயே விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும். டயருக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சாருக்குப் பொதுவாக பேட்டரி உண்டு. டயரைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. அதனால் பேட்டரியை மிச்சம் பிடிக்க, வண்டி நிற்கும்போது பெரும்பாலும் தூங்கும், சக்கரம் உருண்டால் விழிக்கும். எப்போது தூங்குவது, எப்போது பேசுவது? மகள் படிக்கப்போவதில் பாதி இந்தச் சிக்கனக் கணக்குதான். உங்களுக்குத் தெரியாத கணக்கா!

அவள் காட்டிய கல்லூரி விளம்பர அட்டையில் 'இணைப்பு வாகனங்கள்' என்று பளபளவென்று ஒரு பட்டப்படிப்பு. அது வேண்டாம். வாகனங்கள் பேசிக்கொள்ள 1999இல் அமெரிக்கா 5.9 கிகாஹெர்ட்ஸில் 75 மெகாஹெர்ட்ஸ் அகல ரேடியோ அலைவரிசையை ஒதுக்கியது. 2020இல் அதில் 45ஐ வைஃபை போன்றவற்றுக்குக் கொடுத்துவிட்டு, மீதி 30ஐ செல்போன் தொழில்நுட்பத்தை ஒட்டிய வேறு முறைக்கு மாற்ற முடிவெடுத்தது. பழைய முறையை மட்டும் கற்றவர் கதி என்ன? ஆன்டெனா, சிக்னல், சி புரோகிராமிங் தெரிந்தவர் அசரவில்லை. ஆகவே இதையெல்லாம் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் ஈசிஇ, அதாவது மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல். கட்ஆஃப் எட்டினால் நம்ம அரசு பொறியியல் கல்லூரியே போதும்.

வேறு கல்லூரி என்றால் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓரிடத்தில் நான் பார்த்த சென்சார் கிட்டுகளுக்கு பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. கட்டிட வாசலில் மட்டும் ஆளுயர போர்டு.

அப்புறம் ஒன்று. கவுன்சலிங்கில் கல்லூரியையும் பாடத்தையும் தேர்ந்து பதியும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால், சில நூறு ரூபாய்க்கு ஒரு இஎஸ்பி32 போர்டு, அதாவது வைஃபை உள்ள குட்டிக் கணினிப் பலகை, வாங்கிக் கொடுங்கள். உங்கள் லோடு வண்டியின் பின்கதவு திறந்தால் கடைக்குத் தகவல் வரும்படி செய்து பார்க்கட்டும். கடை வாசலில் வேலை செய்யும். வண்டி தெருமுனை தாண்டியதும் வைஃபை எட்டாது. அந்தச் சிக்கலைத் தீர்க்க அவள் ராத்திரி சாப்பாட்டையும் மறந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் ஈசிஇ போடுங்கள். போர்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டால், திட்டாமல் மறுபடி என்னிடம் கூட்டிவாருங்கள்.