அப்பாவின் யூரின் டியூப் எதற்காக?

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்தபோது யூரின் டியூப் போட்டார்கள். இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இரண்டு மாதமாகியும் டியூப் எடுக்கவில்லை. ‘துணி நனையாதில்லையா, இருக்கட்டும்’ என்கிறார்கள். டெஸ்டில் கிருமி என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக்கும் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்யட்டும்? (வாசகி, கோவை)

பதில்: சகோதரி, நான் இருபது வருடங்களாக நர்ஸ் வேலையில் இருக்கிறேன். இல்லத்தில் அப்பாவுக்கென்று ஒரு நோட்டு இருக்கும். டியூப் எதற்காக, போட்ட தேதி என்ன, எப்போது எடுக்கப் போகிறோம், இதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் டாக்டரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்துக்கொள்கிறது, பின்பக்கம் படுக்கைப்புண் இருக்கிறது என்றால் சரி, டியூப் வேண்டும். துணி நனைவது ஒரு காரணமே இல்லை. அதற்கு டயபர் இருக்கிறது, நேரத்துக்கு யூரின் பாட்டில் வைக்க ஆள் இருக்கிறார்கள்.

காரணம் இல்லையென்றால் ஒரு நாள் காலையில் டியூபை எடுத்துவிட்டு, தானாகச் சிறுநீர் போகிறதா என்று சாயங்காலம் வரை பார்ப்பார்கள். புராஸ்டேட் தொல்லை இருந்தால் முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். நீங்களோ அப்பாவோ இழுத்துவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது, கிழித்து ரத்தம் வரும்.

கிருமி விஷயம். ஒரு மாதத்துக்கு மேல் டியூப் இருந்தால் அநேகமாக எல்லோருக்குமே சிறுநீரில் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி எதுவும் இல்லாமல் அதற்கு மருந்து கொடுத்தால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து கேட்காமல் போகலாம். தொற்று என்றே சந்தேகம் வந்தால், பழைய டியூபை மாற்றிவிட்டுப் புதியதிலிருந்து சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். பையிலிருந்து எடுத்தது கணக்கில் சேராது.

நான் அடிக்கடி பார்ப்பது இது: தாத்தாவை வீல் சேரில் உட்கார வைப்பார்கள், தரையில் இழுபடக் கூடாதென்று பையைத் தூக்கி மடியில் வைப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் பையில் இருக்கும் சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். பாதிக்கு மேல் நிறைந்ததுமே காலி செய்யணும். தொடும் முன்னும் பின்னும் கை கழுவணும். டியூப் வெளிவரும் இடத்துக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டால் வேண்டாம்.

அப்புறம், பையில் திடீரென்று சிறுநீர் இறங்காமல் நின்றால் முதலில் போர்வையை விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். மடங்கவும் இல்லை, வயிறும் உப்புகிறது என்றால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள்.