நடக்கும்போது சர்க்கரை எங்கே போகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 53. நான்கு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். பார்ப்பதற்கு ஒல்லியான ஆள்தான். இரவு உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 210-ஐ ஒட்டி இருக்கும். அதே உணவை உண்டுவிட்டு அரை மணி நேரம் நடந்த நாள்களில் 160-ஐத் தாண்டுவதில்லை. இத்தனைக்கும் மூன்று மாத நடையில் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை.

‘இன்சுலின் ஒரு சாவி. உங்கள் செல்லின் கதவில் பூட்டு துருப்பிடித்துவிட்டது’ என்று என் மருத்துவர் விளக்கினார். பூட்டு துருப்பிடித்தது உண்மையென்றால், நடக்கும்போது மட்டும் சர்க்கரை எப்படி உள்ளே போகிறது? ஒருநாள் நண்பர்களோடு மும்முரமாக ஷட்டில் ஆடிவிட்டு வந்து பார்த்தபோது, ஆடுவதற்கு முன்பிருந்ததைவிடச் சர்க்கரை கூடியிருந்தது. அது ஏன்? தினமும் நடக்க நேரம் வாய்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்தால் போதாதா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

உங்கள் மருத்துவர் சொன்ன உவமை நோயாளிக்குச் சட்டென்று புரியும். ஆனால் உங்கள் கேள்விக்கான விடையை மறைப்பதும் அந்த உவமையே. பூட்டு என்றதும், கதவு ஏற்கெனவே சுவரில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். ஓய்வில் இருக்கும் தசைச் செல்லின் மேற்சவ்வில் குளுக்கோஸை உள்ளே விடும் கதவுகள் மிகச் சிலவே இருக்கின்றன. குளூட்-4 எனப்படும் அந்தக் கடத்திப் புரதங்களில் பெரும்பகுதி, நுண்குமிழ்களுக்குள் பொதிந்து செல்லின் உட்பகுதியில் கிடக்கிறது. இன்சுலின் செல்லின் வெளிப்புறத்திலுள்ள ஏற்பியில் வந்து ஒட்டியதும், உள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, கடைசியில் அந்தக் குமிழ்கள் மேலேறிச் சவ்வோடு இணைகின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பழுதாவது இந்தச் செய்தித் தொடர்தான். தசைக்குள் குளூட்-4 ஏறத்தாழ வழக்கமான அளவிலேயே இருக்கிறது. அதை மேலே வரச் சொல்லும் செய்திதான் போய்ச் சேர்வதில்லை.

சுருங்குகிற தசை அந்தச் செய்திக்காகக் காத்திருப்பதில்லை. நீங்கள் ஓர் அடி எடுத்து வைக்கும்போது, நரம்பின் தூண்டலால் தசை நாருக்குள் இருக்கும் சேமிப்பறைகளிலிருந்து கால்சியம் வெளிப்படுகிறது, தசையைச் சுருக்கும் புரதங்களான ஆக்டின் இழைகளும் மயோசின் இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன, அந்தச் சறுக்கலுக்கு ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது. தசையில் கையிருப்பாக உள்ள ஏ.டி.பி. முழுமூச்சான உழைப்புக்குச் சில விநாடிகளுக்கு மேல் தாங்காது என்பதால், செல் அதைத் தொடர்ந்து புதிதாக ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆற்றல் குறையும் தறுவாயை உணர்ந்துகொள்ளும் ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொள்கிறது. வெளிப்பட்ட கால்சியமும், நார் இழுபடும் விசையும், இந்த நொதியும் சேர்ந்து குளூட்-4 குமிழ்களை மேலே கிளப்புகின்றன. இவற்றில் எது முதன்மையானது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏ.எம்.பி.கே.யின் செயலை முடக்கிய எலிகளிலும் தசை சுருங்கும்போது குளுக்கோஸ் ஓரளவு உள்ளே போகத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பாதை இன்சுலின் ஏற்பியைத் தொடாமலே செல்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சர்க்கரை நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்க வைத்துத் தசை மாதிரி எடுத்துப் பார்த்தபோதும், குளூட்-4 மேற்பரப்புக்கு வந்திருந்தது.

இது இன்சுலினைவிட மூத்த அறிவு. 1887-இல் பிரான்சில் ஷோவோ, காஃப்மான் என்ற இருவர், குதிரையின் மேலுதட்டை உயர்த்தும் தசைக்குள் போகும் இரத்தத்தையும் அதிலிருந்து திரும்பும் இரத்தத்தையும் ஒப்பிட்டு, குதிரை தீனியை மெல்லும் நேரத்தில் அந்தத் தசை ஓய்வில் எடுப்பதைவிடப் பல மடங்கு குளுக்கோஸை எடுத்துக்கொள்வதைக் கண்டார்கள். டொரான்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டது 1921-இல். ஆனாலும் குதிரையின் இரத்தத்தில் இன்சுலின் இருந்ததே என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 1984-இல் கோபன்ஹேகனில் ப்ளோக், கால்போ, ரிக்டர் ஆகியோர் எலியின் பின்னங்கால்களுக்குள் இன்சுலின் அறவே இல்லாத திரவத்தைச் செலுத்தி, மின்தூண்டலால் தசையைச் சுருங்கச் செய்து அளந்தார்கள். அப்போதும் குளுக்கோஸ் உள்ளே போவது கூடியது.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை 1966-இல் ஸ்டாக்ஹோமில் நடந்தது. யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொரு பக்கமாக இருந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும், இனி முடியாது என்கிற நிலைவரை மிதித்தார்கள். மற்றொரு கால் சும்மா இருந்தது. பெர்க்ஸ்ட்ரோம் வடிவமைத்திருந்த ஊசியால் இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில், மிதித்த காலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. சும்மா இருந்த காலில் அப்படியே இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டார்கள். மிதித்த காலில் கிளைக்கோஜன் நிரம்பியதோடு நில்லாமல், மற்றக் காலில் இருந்ததைப்போல ஏறத்தாழ இரு மடங்காக ஏறியது. இரண்டு கால்களுக்கும் போனது ஒரே இரத்தம், அதில் ஓடியது ஒரே இன்சுலின். வேறுபாடு உழைத்த தசைக்குள்ளேயே இருந்தது. தசைக்குள் போன குளுக்கோஸின்மீது உடனே ஒரு பாஸ்பேட் ஏற்றப்படுகிறது, அதைக் கழற்றி இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. உங்கள் இரவு நடையில் குளுக்கோமீட்டர் காட்டும் குறைவில் பெரும்பங்கு, தொடையும் கெண்டைக்காலும் எடுத்துக்கொண்டு திருப்பித் தராத சர்க்கரைதான்.

எடை குறையாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் எடை குறைவது நிபந்தனையல்ல. ஆனால் ‘ஒல்லியான ஆள்’ என்று நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே கடந்து போக மனம் வரவில்லை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றே, 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. நம்மில் பலர் எடைக் கருவியில் ஒல்லியாகத் தெரிவது, கொழுப்பு குறைந்ததால் அல்ல, தசை குறைந்ததால். உண்ட சர்க்கரை போய்த் தங்கும் முதன்மையான இடம் தசை என்னும்போது, அந்த இடமே சிறிதாக இருப்பது இழப்புதான். எனவே நடையோடு வாரம் இருமுறையாவது எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமரும் பயிற்சியோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷட்டில் ஆட்டத்துக்குப் பின் சர்க்கரை கூடியதில் முரண் ஏதுமில்லை. மூச்சிரைக்க ஆடும்போது அட்ரினலின் பாய்ந்து, கல்லீரலைத் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை விரைவாக வெளியேற்றச் செய்கிறது. அந்த நேரத்தில் தசையும் இரத்தத்திலிருந்து எடுப்பதைவிடத் தன் கிளைக்கோஜனையே மிகுதியாக எரிக்கிறது. வரவு செலவைவிடக் கூடுவதால் மீட்டரில் எண் ஏறுகிறது. ஆடி முடித்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், பெரும்பாலும் இறங்கியிருக்கும். அதற்காக ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடைக்கு வருகிறேன். சுருக்கத்தால் நேரடியாகக் கிளம்பிய குளூட்-4, நடை நின்ற சில மணி நேரத்தில் உள்ளே திரும்பிவிடும். அதன் பின்னும் உழைத்த தசை இன்சுலினுக்கு வழக்கத்தைவிட நன்றாகச் செவிசாய்க்கும் நிலை ஓரிரு நாள் நீடிக்கிறது, பிறகு தேய்கிறது. சர்க்கரை நோயாளிகள் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி செய்ய வேண்டும், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று அமெரிக்க நீரிழிவுக் கழகம் கூறுவது இந்தக் கணக்கில்தான். ஞாயிறு நடந்தால் புதன் முதல் சனி வரை உங்கள் தசை பழைய நிலையில் இருக்கும். நீண்டகால மாற்றங்களும் இப்படித்தான். 1967-இல் ஹொலோஸி என்ற ஆய்வாளர் எலிகளைப் பன்னிரண்டு வாரம், வாரத்தில் ஐந்து நாள் ஓட வைத்தபோது தசைச் செல்லுக்குள் ஆற்றலை ஆக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள நொதிகளின் செயல்திறன் ஏறத்தாழ இரு மடங்கானது. இந்த ஆதாயமும் பயிற்சியை நிறுத்திய சில வாரங்களில் கரைந்துவிடக்கூடியது. நேரம் இல்லை என்கிறீர்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒருமுறை முப்பது நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் வேறுபாடு இன்னும் பெரிது. பத்து நிமிடத்துக்கு அலுவலக வராந்தாவே போதும்.

ஞாயிறு நடையை நான் தயங்கிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் நீங்கள் விழுங்கும் கிளிமிபிரைடு. உடல் உழைக்கும்போது கணையம் தானாகவே இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். இந்த மாத்திரையோ சர்க்கரை அளவு எதுவானாலும் கணையத்தைச் சுரக்கத் தூண்டும். இரண்டு மணி நேர நடையில் காலியான தசை, இரவு முழுவதும் கிளைக்கோஜனை நிரப்பிக்கொள்ள இரத்தத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும்போது, சர்க்கரை தாழ்ந்து நடு இரவில் வியர்வையோடும் படபடப்போடும் விழிக்க நேரலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த அபாயம் அரிது. நடந்த நாள், நடக்காத நாள், ஷட்டில் ஆடிய நாள் என்று பிரித்து நீங்கள் பார்த்த அளவுகளை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கிளிமிபிரைடின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், அதுவரை நீண்ட நடைக்குப் போகும்போது சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மிட்டாயோ கொஞ்சம் சர்க்கரையோ இருக்கட்டும்.