குளக்கட்டின் அடியில் ஊறும் தண்ணீரை அடைக்கலாமா?

கேள்வி: எங்கள் சிறுகுளத்தின் கட்டு எட்டடி உயரம். மழை விடாமல் பெய்தால் வயல் பக்க அடிவாரத்தில் தண்ணீர் ஊறுகிறது. களிமண் அப்பி அடைத்துவிடலாமா? (விவசாயி ஒருவர், செங்கலடி)

பதில்: அடைக்க வேண்டாம். கழுவிய சோடாப் போத்தல் ஒன்றில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. மண்கட்டு என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆனால் மழைக்கு மழை கசிவு கூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போத்தலின் அடியில் மணலோ வண்டலோ படிந்தால், கட்டின் வயிற்று மண் கரைந்து வெளியே வருகிறது. (ஊறும் இடத்தில் செம்மஞ்சளாக வழுவழுவென்று படிவது பெரும்பாலும் இரும்புச்சத்துதான்.)

கறையான் புற்று, நண்டு வளை, வெட்டிய மரத்தின் உக்கிய வேர், துருசுக் குழாயை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகுக் குழாயை) சுற்றி இறுகாத மண் ஆகியவற்றில்தான் தண்ணீர் வழி பிடிக்கிறது. வாயைக் களிமண்ணால் மூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, பக்கத்தில் வேறொரு வாய் திறக்கும். தண்ணீரை விட்டு மண்ணை மட்டும் மறிக்க வேண்டும்: முதலில் ஆற்றுமணல், மேலே சிறுசல்லி, அதற்கும் மேலே கல். மண் கொப்பளித்து எழும்பினால், மண் நிரப்பிய உரப்பைகளைச் சுற்றிலும் வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தேங்கி உயரும் தண்ணீரின் பாரமே ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். கலங்கல் தெளிந்ததும் அடுக்குவதை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். மாடு ஏறி இறங்கும் இடத்தில் கட்டு ஒரு சாணாவது பள்ளமாகியிருக்குமே? வானால் (குளம் நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் வழியால்) போக முடியாத தண்ணீர் அந்தப் பள்ளத்தால்தான் கட்டுக்கு மேலாக மேவும். மேவிய தண்ணீர் வயல் பக்கச் சரிவை அடியிலிருந்து அரித்து மேலேறும். சில மணி நேரத்தில் உடைப்பெடுத்துவிடலாம். மாரிக்கு முன்பே கிறவல் (சரளை மண்) போட்டு, அரையடிக்கு அரையடி இடித்து இறுக்குங்கள். தண்ணீரைக் கூட்டிச் சேர்க்க வானில் பலகையும் மண்மூட்டையும் வைப்பவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். 2011 தை வெள்ளத்தைக் கண்ட பிறகும் அந்த ஆசை போகவில்லை.

பயத்தில் துருசை ஒரேயடியாகத் திறந்தும் விடாதீர்கள். நீர்மட்டம் சடுதியாக இறங்கினால், ஊறிப்போன குளத்துப் பக்கச் சரிவு தாங்கலின்றிச் சரியும்.

200 ஏக்கர் வரை பாயும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கலங்கல் வந்தால் கமநல சேவை நிலையத்துக்கு உடனே அறிவியுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். அன்றிரவு கட்டுக்குக் கீழேயுள்ள வாடியில் யாரும் படுக்க வேண்டாம்.