மறதி மூளையில் எங்கே தொடங்குகிறது? கேள்வி பதில்

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. என் துறை நரம்புத் திசு நோயியல். தானமாக வரும் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பவள் நான். மருந்து எழுதிக் கொடுப்பவள் அல்ல. மாத்திரை அளவு கேட்க நினைப்பவர்களும் ஸ்கேன் அறிக்கை அனுப்ப நினைப்பவர்களும் தங்கள் நரம்பியல் மருத்துவரிடமே போகவும்.

மகள்: வணக்கம் அம்மா. என் தாயாருக்கு 74 வயது. அல்சைமரின் தொடக்கம் என்கிறார்கள். பள்ளித் தோழிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். காலையில் நான் வந்துபோனதை மத்தியானம் கேட்டால், "நீ எங்கே வந்தாய்?" என்கிறார். பழையது இருக்க, புதியது மட்டும் எப்படிப் போகும்?

பதில்: புதியது போகவில்லை அம்மா, அது உள்ளே வரவே இல்லை. இன்றைக்கு இந்த ஒன்றைப் புரியவைத்துவிட்டால் எனக்குப் போதும்.

புதிய அனுபவத்தை நினைவாக்குவதில் முதன்மையான பகுதி ஹிப்போகாம்பஸ். அதற்குச் செய்தி போய்ச் சேரும் முக்கிய வழி, அதை ஒட்டியிருக்கும் என்டோரைனல் புறணி. அந்தப் புறணியின் இரண்டாம் அடுக்கில் பெரிய நியூரான்கள் தீவுகளாகக் கூடிக் கிடக்கும். நோயற்ற மூளையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால், அந்த இடத்தின் மேற்பரப்பு சின்னச் சின்ன மருக்களாக மேடுதட்டியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். மேடுகளுக்கு அடியில் அந்தத் தீவுகள். அல்சைமர் வந்த மூளையில் மேடுகள் அமுங்கி, பரப்பு வழவழவென்று ஆகிவிடும். கத்தி வைப்பதற்கு முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும். பிறகு வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தால், நியூரானுக்குள் டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு, தீச்சுடர் வடிவத்தில் கறுத்து நிற்கும். செல் செத்துக் கரைந்த பிறகும் அந்தச் சிக்கல் மட்டும் அதே வடிவில் கிடக்கும்.

1996இல் வெளியான ஓர் ஆய்வில், மறதி மிக லேசாக இருந்த கட்டத்திலேயே இறந்தவர்களிடம் இந்த இரண்டாம் அடுக்கு நியூரான்கள் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்திருந்தன. நோய் முற்றியவர்களிடம் சுமார் 90 சதவீதம். உங்கள் தாயாரின் பள்ளிக்கால நினைவுகளோ மூளையின் மேல்போர்வையான வெளிப்புறணி எங்கும் பரவி வேரூன்றியவை. டௌ சிக்கல்கள் அங்கே போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆகும். அந்தப் பயணத்தை 1991இல் ப்ராக் தம்பதியர் ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் நாங்கள் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

ஆகவே, "காலையில் வந்தேனே, நன்றாக யோசித்துப் பாருங்கள்" என்று அவரைச் சோதிக்காதீர்கள். பதியாததைத் துப்புக் கொடுத்து எடுக்க முடியாது. அவருக்குக் கிடைப்பது அவமானம் மட்டுமே. வந்ததைச் சொல்லுங்கள், கேட்காதீர்கள்.

நாற்பதுகாரன்: டாக்டர், வயது 43. சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறேன். இது அல்சைமரா?

பதில்: கண்டெடுத்தவுடன் "ஆமாம், இங்கேதானே வைத்தேன்" என்று தோன்றுகிறதா? அப்படியானால் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் தாமதம். தூக்கம் எப்படி என்று பாருங்கள். பி12, தைராய்டு இரண்டையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

கணக்காளர்: முதலில் வருவது அமிலாய்டா, டௌவா?

பதில்: எந்த இடத்தில் என்று சேர்த்துக் கேளுங்கள். மூளைத் தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சிறு பகுதி. அங்கே டௌ மாற்றங்கள் இளவயதினரிடமே காணப்பட்டிருக்கின்றன. என்டோரைனல் புறணியில் வயதான பலரிடம் இருக்கும். பலருக்கு அது அந்த வட்டாரத்தோடு நின்றுவிடும். அமிலாய்டு என்ற இன்னொரு புரதம் படிவதோ வெளிப்புறணியில், நியூரான்களுக்கு வெளியே, அறிகுறி தெரிவதற்கு 15, 20 ஆண்டுகள் முன்பே. அது நிறையப் படிந்த மூளைகளில்தான் டௌ தன் எல்லையைத் தாண்டிப் பரவுகிறது. இரண்டும் தொலைவில் இருந்துகொண்டு எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதில்தான் துறைக்குள் அடிதடி.

ஐயவாதி: அமிலாய்டு கதையே மோசடி என்று ஆகிவிட்டதே? 2006இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையை 2024இல் திரும்பப் பெற்றார்கள். நீங்கள் இன்னும் அதே பாட்டைப் பாடுகிறீர்கள்.

பதில்: இதை எதிர்பார்த்தேன். அந்தக் கட்டுரை அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட கூட்டு வடிவத்தைப் பற்றியது. அது எலிகளில் மறதியை உண்டாக்குகிறது என்றது. படங்களில் கைவைத்திருந்தார்கள். திரும்பப் பெற்றது நியாயம். ஆனால் அமிலாய்டு படிவதே நோயைத் தொடக்கிவைக்கிறது என்ற கருதுகோளை ஹார்டியும் ஹிக்கின்ஸும் எழுதியது 1992இல். பின்னால் வந்த கட்டுரை விழுந்தால் முன்னால் நின்றது எப்படி விழும்?

அதன் அஸ்திவாரம் மரபணு. அமிலாய்டின் மூலப் புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று. நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய அனைவர் மூளையிலும் படிவு வந்துவிடுகிறது. அதே மரபணுவின் சில பிழைகள் குடும்பம் குடும்பமாக இளவயதில் நோயைக் கொண்டுவருகின்றன. இன்னொரு மாற்றம், 2012இல் ஐஸ்லாந்து மக்களிடம் கண்டறியப்பட்டது, அமிலாய்டு உற்பத்தியைக் குறைத்து நோயிலிருந்து காக்கிறது. இதை எந்தப் படத்தைத் திருத்தியும் உண்டாக்க முடியாது ஐயா.

அரை மறதி: ஓர் அறைக்குள் போனதும் எதற்கு வந்தோம் என்பது மறந்துவிடுகிறது. நோயாக இருக்குமா?

பதில்: சாவிக்குச் சொன்ன பதிலே இதற்கும்.

ஐயவாதி: சரி. அமிலாய்டுதான் காரணம் என்றால், அதை அகற்றும் மருந்து நோயைத் தீர்த்திருக்க வேண்டுமே?

பதில்: இது முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி. லெக்கனமாப் மருந்தின் 18 மாதச் சோதனையில் படிவு பெருமளவு நீங்கியது. நோய் இறங்கும் வேகம் சுமார் 27 சதவீதம் குறைந்தது. கேட்கப் பெரிதாகத் தெரியும். நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 புள்ளி. சிலருக்கு மூளையில் வீக்கமும் நுண்கசிவும் வந்தன. ஆக, அமிலாய்டுக்குப் பங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது, அது போனால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்ல முடியாது. அறிகுறியோடு ஒருவர் மருத்துவரிடம் வரும்போது, நான் மேலே சொன்ன தீவுகளில் பாதிக்கு மேல் காலி. செத்த நியூரானை எந்த மருந்தும் எழுப்பாது.

ஆய்வு மாணவி: நடுவில் வருகிறேன், மேடம். மூளை நிறைய அமிலாய்டு இருந்தும் கடைசிவரை நினைவு தெளிவாக இருந்தவர்கள் உண்டே. அவர்களை எப்படி விளக்குவது?

பதில்: வாருங்கள், உங்களைத்தான் தேடினேன். அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளிடம் நடந்த நீண்டகால ஆய்விலேயே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். படிவை எண்ணி மறதியை அளக்க முடியாது. 1991இல் டெர்ரியும் குழுவினரும் காட்டியபடி, அறிவுத்திறன் இழப்போடு மிக நெருக்கமாகப் பொருந்துவது சினாப்ஸ்களின் இழப்பு, அதாவது நியூரான்கள் ஒன்றையொன்று தொடும் சந்திப்புகளின் எண்ணிக்கை. செல் சாவதற்கு முன்பே சந்திப்புகள் அறுகின்றன. யாருக்குச் சந்திப்புகள் மிஞ்சுகின்றனவோ அவருக்கு நினைவும் மிஞ்சுகிறது. ஐயவாதி இந்தப் பக்கத்திலிருந்து தாக்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வியர்த்திருக்கும்.

ஐயவாதி: இனி அப்படியே தாக்குகிறேன்.

பதில்: மாணவிக்கு நன்றி சொல்லிவிட்டுத் தாக்குங்கள்.

மருமகன்: மாமனாருக்கு ஞாபகம் பரவாயில்லை. ஆனால் பழகிய தெருவிலேயே வழி தவறுகிறார். இதற்கும் மறதிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, அசட்டையாக இருக்காதீர்கள். மூளை இடத்தை அளக்கப் பயன்படுத்தும் கட்டச் செல்கள் இருப்பது அதே என்டோரைனல் புறணியில். 2005இல் மோசர் தம்பதியர் கண்டறிந்து, 2014இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்கள். எனவே வழி தவறுவது சிலரிடம் மிகவும் முந்தியே தென்படும். நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பேத்தி: மாத்திரைகளை எதற்கு?

பதில்: பழைய வகை அலர்ஜி மாத்திரை, சில தூக்க மாத்திரை, சிறுநீர் அவசரத்துக்கான சில மருந்துகள், இவை அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. நினைவுக்கு அந்த வேதிப்பொருள் தேவை. முதியவருக்கு இவற்றை அடுக்கினால் இல்லாத மறதியும் வரும்.

நலம்விரும்பி: நினைவாற்றல் பெருக்கும் மாத்திரை என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் காதுகேட்கும் திறனைச் சோதியுங்கள். கேளாமையும் உயர் ரத்த அழுத்தமும் மறதிநோய்க்கான அபாயக் காரணிகள், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு.

கண்ணாடி: மேடம், மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று...

பதில்: சாவிக்குச் சொன்ன பதில். பி12. தைராய்டு. தூக்கம்.

இளையவர்: ரத்தப் பரிசோதனையிலேயே அல்சைமரைக் கண்டுபிடிக்கலாமாமே? எனக்கு 30 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. செய்துகொள்ளலாமா?

பதில்: பி-டௌ 217 என்ற குறிப்பானைப் பற்றிக் கேட்கிறீர்கள். நல்ல சோதனைதான், அறிகுறி உள்ளவர்களுக்கு. தொந்தரவே இல்லாத முப்பது வயதில் அதைச் செய்து முடிவோடு என்ன செய்யப்போகிறீர்கள்? சிகரெட் இருந்தால் அதை விடுங்கள். ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

ஐயவாதி: மாணவிக்கு நன்றி சொல்லிவிட்டேன். சினாப்ஸ்தான் முக்கியம் என்றால் ஏன் எல்லோரும் அமிலாய்டையே துரத்துகிறார்கள்?

பதில்: உயிரோடிருப்பவரிடம் அமிலாய்டை அளப்பது சுலபம். 2004 முதலே அதற்கு பெட் ஸ்கேன் இருக்கிறது. சினாப்ஸ்களை அளக்கும் ஸ்கேன் அதற்கு வெகுநாள் கழித்துத்தான் வந்தது, இன்னும் ஆய்வகங்களைத் தாண்டி அதிகம் பரவவில்லை. அளக்க முடிந்ததைத்தான் மருந்துக் கம்பெனிகள் துரத்தும். இதில் நானும் உங்கள் கட்சிதான்.